வெள்ளவத்தை பார்க்கிங்கில் பிரேக்கும் டயரும்

வருடா வருடம் பைக்கின் லைசன் புதுப்பிக்கப் போனால் இன்சூரன்ஸ் பத்திரத்தையும் புகை டெஸ்ட் சான்றிதழையும் கேட்பார்கள். புகை டெஸ்டில் சைலன்சருக்குள் ஒரு குழாயை விட்டு, எஞ்சினைக் கொஞ்சம் உறும வைத்து, தாளைக் கையில் தந்து அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாள் புகைக்கு மட்டும்தான். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மழையில் வரும்போது பைக் நிற்குமா நிற்காதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. ஆகவே சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் மோட்டார் சைக்கிளின் பிரேக்கையும் டயரையும் பார்ப்பது ஓட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது.

என்னிடம் இருப்பது பழைய பல்சர் 150. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும், இதை விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாம் என்ற யோசனையும் நின்றுபோனது. சரி, இருப்பதையே பார்த்துக்கொள்வோம் என்று ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி, பிளாட்டுக்குக் கீழே பார்க்கிங்கில் வேலை பழகத் தொடங்கினேன். காசு மிச்சம் பிடிக்கத்தான் தொடங்கினேன். இப்போது காரணம் வேறு. எந்த நட்டை யார் இறுக்கினார்கள், எவ்வளவு இறுக்கினார்கள் என்று தெரிந்து ஓட்டுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கைகளில் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலையிடி கூடுதல். மரைன் டிரைவ் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று நிறுத்தி வைத்த பைக்கையும் விடாது. பின் பிரேக் கம்பியின் நுனியில் இருக்கும் நட்டும் அதன் ஸ்பிரிங்கும்தான் முதலில் துருப்பிடிக்கும். அடுத்தது, டிரம்முக்குள் உரசிச் சில்லை நிறுத்தும் லைனரை விரிக்கும் கேம். அது இறுகினால் பிரேக்கை விட்ட பிறகும் லைனர் முழுதாகத் திரும்பி வராது. பைக்கைத் தள்ளும்போது பாரமாக இருக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும், டிரம் சுடும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலத்தில் எங்கள் பார்க்கிங்கில் பைக்குகள் நாள் கணக்கில் அசையாமல் நின்றன. திரும்ப எடுத்தபோது டிஸ்க்கில் செம்மண் பூசியது போலத் துரு, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் பிஸ்டன் இறுக்கம், டயர் தரையில் அழுந்திய இடத்தில் தட்டை. ஓடாத பைக்குக்குத்தான் கவனிப்பு கூட வேண்டும் என்று அப்போது பலருக்கு விளங்கியது.

கொழும்பில் ஓட்டுகிறவர்களில் பலர் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. முன்னால் பிடித்தால் குப்புற விழுவாய் என்று சின்ன வயதில் யாரோ சொன்ன பயம். பிரேக் பிடித்ததும் பாரத்தில் பெரும்பகுதி முன் சில்லுக்குப் போகிறது. பின் சில்லு இலேசாகிறது. இலேசான சில்லை எவ்வளவு அழுத்தினாலும் அது சறுக்குமே தவிர நிறுத்தாது. நேராகப் போகும்போது முன் பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டிப் பிடித்தால் விழ மாட்டோம். வளைவில், மணலில், தண்டவாளத்தின் மேல் திடீரென்று பிடிப்பதுதான் ஆபத்து. பராமரிப்பிலும் இந்தப் பழக்கம் தெரியும். கழற்றிப் பார்த்தால் பின் லைனர் முடிந்திருக்கும். முன் டிஸ்க்கை அழுத்தும் பேட் புத்தம் புதிதாக, கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு, அவசரத்துக்குப் பிடிக்காமல் இருக்கும்.

எங்கள் மாடியில் இருக்கும் ஒரு அண்ணை போன மழைக்காலத்தில் தன் சிடி 100ஐத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"தம்பி, கால் பிரேக் அடிமட்டும் போகுது. நட்டை ஒருக்கா இறுக்கி விடுமன்."

"இறுக்க இனி இடமில்லை அண்ணை. இங்க பாருங்கோ, நட்டு மரையின்ட முடிவுக்கு வந்திட்டுது."

டிரம் தட்டுக்கு வெளியே, கேமைத் திருப்பும் ஆர்மோடு சேர்ந்து ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதித்துப் பிடித்தபடி பார்த்தால், அம்பு தட்டில் உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் லைனர் முடிந்தது என்று அர்த்தம். அண்ணையின் பைக்கில் அம்பு கோட்டுக்கு வரவில்லை, ஆனால் நட்டு முடிந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன்: ஏதோ ஒரு கடையில் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். பைக் செய்யும்போதே கேம் தண்டிலும் ஆர்மிலும் புள்ளி அடித்திருப்பார்கள். இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளினால் தேய்ந்த லைனரே இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும், வாடிக்கையாளரும் சந்தோசமாகப் போவார். ஆனால் கேம் அளவுக்கு மீறித் திரும்பும். ஒரு நாள் லைனரை விரித்தபடியே நின்றுவிட்டால் சில்லு பூட்டிவிடும். இதை நான் வேலை என்று சொல்ல மாட்டேன், ஏமாற்று.

டிரம்மைத் திறந்ததும் பலரும் வாயால் ஊதுவார்கள். வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்கு நல்லதில்லை. பழைய லைனர்களில் கல்நார் கலந்தும் செய்திருக்கிறார்கள். ஈரத் துணியால் துடைத்து எடுத்துத் துணியை எறிந்துவிடலாம். லைனரின் கனம் 2 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். இரண்டு லைனரையும் ஸ்பிரிங் மாட்டியபடியே நடுவில் மடித்து, ஒரு பக்கம் ஊசியிலும் மறுபக்கம் கேமிலும் வைத்து, பெருவிரல் இரண்டாலும் கீழே அமுக்கினால் டக்கென்று உட்காரும். ஸ்பிரிங்கைத் தனியாக இழுத்து மாட்டப் போனால் விரல் நசியும், ஸ்பிரிங்கும் நீண்டு கெடும். கேமின் முகத்திலும் ஊசியிலும் கிரீஸ் வேண்டும், ஆனால் தடவினோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும். கூடினால் சூட்டில் உருகி லைனருக்குப் போய்விடும்.

சில்லைத் திரும்ப மாட்டும்போது ஒரு சின்ன விசயம் இருக்கிறது, பல கடைகளில் செய்வதில்லை. அக்சில் நட்டைக் கடைசியாக இறுக்கும் நேரம் யாரையாவது பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அப்போது லைனர் டிரம்மை எல்லாப் பக்கமும் சமமாகத் தொட்டு, தட்டைத் தானாக நடுவுக்குக் கொண்டு வரும். அப்படியே இறுக்கினால் பிரேக் ஒரே சீராகப் பிடிக்கும். இல்லாவிட்டால் சில்லு சுற்றும்போது ஒரு இடத்தில் உரசும், ஒரு இடத்தில் விடும். டிரம் தட்டைப் பிடித்திருக்கும் டோர்க் கம்பியின் நட்டும், அது கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னும் இருக்கிறதா என்று பார்க்க மறக்கக் கூடாது. அந்தக் கம்பி கழன்றால் பிரேக் பிடித்த கணமே தட்டு சில்லோடு சேர்ந்து சுற்றும், பிரேக் கம்பியையும் முறுக்கி எடுத்துக்கொண்டு போகும். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். புதியது சில்லறைக் காசு.

அப்புறம் பிரேக் கம்பியின் நட்டைச் சரிப்படுத்துவது. சில்லைக் கையால் சுற்றிக்கொண்டே, இலேசாக உரசும் வரை இறுக்கி, உரசல் போகும் வரை தளர்த்த வேண்டும். பெடல் 2 முதல் 3 சென்றிமீற்றர் வரை சும்மா போய், அதன்பிறகு பிடிக்கத் தொடங்க வேண்டும். நட்டின் ஒரு முகத்தில் வளைவாக வெட்டு இருக்கும். அது ஆர்மின் ஊசியில் பொருந்தி உட்கார்ந்ததா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஓடும்போது தானாகத் தளரும். கடைசியாகப் பிரேக் லைட். பெடலை மாற்றினால் லைட் எரியும் இடமும் மாறிவிடும். காலி வீதியில் பின்னால் வரும் பஸ்காரருக்கு நாம் நிற்கிறோம் என்று சொல்வது அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான்.

டிஸ்க் பேட் மாற்றுவது டிரம்மை விடச் சுலபம், ஆனால் அபாயம் கூட. பேட்டின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளம் தேய்ந்து மறையப் போகிறது என்றால் வாங்கி வைத்துவிடுங்கள். காலிப்பரைக் கழற்ற முன்பே பேட் ஊசிகளைக் கொஞ்சம் தளர்த்தி விடுவது நல்லது, கையில் எடுத்த பிறகு பிடிமானம் கிடைக்காது. கழற்றிய காலிப்பர் ஒயில் பைப்பில் தொங்கக் கூடாது, ஒரு கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். புதிய பேட் கனமாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டி வரும். அதற்கு முன் வெளியே நீண்டு நிற்கும் பிஸ்டனைப் பிரேக் ஒயில் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். உப்பும் தூசும் ஒட்டியபடி உள்ளே தள்ளினால் சீல் கிழியும். தள்ளும்போது மேலே ஹேண்டிலில் இருக்கும் ஒயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்தால் டாங்க் பெயின்ட் போச்சு. டாங்கின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டுத் தொடங்குவது என் வழக்கம். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் முன் பிரேக் லீவரைப் பிடிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே குதித்துவிடும். பார்க்கிங்கில் சின்னப் பிள்ளைகள் நிற்கிற நேரம் நான் இந்த வேலையை எடுப்பதில்லை.

எல்லாம் மாட்டி முடிந்ததும் வரும் அடுத்த நிமிடம்தான் முக்கியமானது. முதல் பிடியில் லீவர் ஹேண்டில் பார் வரை போகும், பிரேக் பிடிக்காது. பிஸ்டன் இன்னும் பேட்டுக்குக் கிட்ட வரவில்லை. லீவரைத் திரும்பத் திரும்பப் பிடித்து, கல்லாக வரும்வரை பம்ப் பண்ண வேண்டும். இதைச் செய்யாமல் பைக்கை எடுத்து ஒழுங்கை முனையில் காலி வீதிக்குள் போனால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. முதல் நாட்களில் திடீரென்று முறுக்கிப் பிடிக்காமல், நடுத்தர வேகத்தில் மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டினால் பேட் டிஸ்க்கோடு பழகும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க் பக்கம் ஒரு அட்டையைப் பிடியுங்கள். ஒயில் ஊறிய பேட்டைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தோ அடுப்பில் சுட்டோ மீட்கலாம் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் எறிந்துவிடுவேன்.

பிரேக் ஒயில் பற்றி எங்கள் ஊரில் நிறையக் குழப்பம். ஒயில் டப்பாவின் மூடியிலேயே டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும், அதைத்தான் ஊற்ற வேண்டும். டொட் 5 என்பது சிலிக்கன். இலக்கம் கூடினது நல்லது என்று நினைத்து இதோடு கலந்துவிடக் கூடாது. எஞ்சின் ஒயில் ஒரு சொட்டும் ஆகாது, ரப்பர் சீல் ஊதிப்போகும். டொட் 3, டொட் 4 இரண்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 பாகைக்கு இறங்குகிறது. ஒயில் கொதித்தால் குமிழி வரும், குமிழி வந்தால் லீவர் பஞ்சாகும். கண்டியிலிருந்து கடுகண்ணாவை இறக்கம் வழியாக ஆளையும் பொதியையும் ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கொழும்புக் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவது நல்லது. அலுமாரியில் திறந்தபடி கிடந்த பழைய போத்தலை நம்பாதீர்கள். சின்னப் போத்தலாக வாங்கினால் வீண் போகாது.

மாற்றும் முறை கடினமில்லை. காலிப்பரில் ஒயிலை வெளியே விடும் ப்ளீட் நிப்பிளில் ஒரு ட்ரான்ஸ்பேரன்ட் குழாயை மாட்டி, மறு நுனியைக் கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். லீவரைப் பிடித்து அப்படியே வைத்துக்கொண்டு நிப்பிளைத் தளர்த்த வேண்டும், கறுத்த ஒயில் வரும். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால் காற்று உள்ளே போகும். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருந்து, தெளிந்த ஒயில் குமிழி இல்லாமல் வரும்வரை செய்ய வேண்டும். சில்லு பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள பைக்குக்கு நான் கை வைப்பதில்லை, அதை அதற்குரிய இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

டயருக்கு வந்தால், முக்கால்வாசி வேலை காற்றுத்தான். பெற்றோல் செட்டில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பையில் போட்டு வைக்கும் சின்ன கேஜ் ஒன்று வாங்குங்கள். என் பைக்குக்கு முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 28, ஆளை ஏற்றினால் 32. உங்கள் பைக்கின் அளவு கையேட்டில் அல்லது பைக்கிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் எடுக்க முன் அளக்க வேண்டும், ஓடி வந்ததும் அளந்தால் கூடவே காட்டும். வெயிலில் வெடித்துவிடும் என்று குறைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் காற்றுக் குறைந்த டயர்தான் அதிகம் நெளிந்து அதிகம் சூடேறும்.

டயர் வாங்கும்போது விலையைக் கேட்க முன் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரம் செய்தது. கடையில் வெயில் படும் இடத்தில் வருடக்கணக்காகத் தொங்கிய டயர் பார்வைக்குப் புதிதாக இருக்கும், ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழையில் வீதிக்கோட்டு வெள்ளைப் பெயின்டில் ஏறும்போது தெரியும். 1876இலேயே லண்டன் கியூ பூங்காவிலிருந்து ரப்பர் கன்றுகள் வந்து கம்பஹாவில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்ட நாடு இது, களனியில் டயர் செய்கிறோம். இங்கே வாங்குகிறவர் தேதி பார்க்காமல் வாங்குவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தேய்மானத்துக்குப் பக்கச் சுவரில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ இருக்கும்; அதற்கு நேரே வெட்டுக்குள் உள்ள சின்னத் திட்டு ரப்பரோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. அதற்கு மேல் வெட்டை ஆழமாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்.

டியூப் உள்ள டயரில் பஞ்சர் என்றால் வீட்டிலேயே ஒட்டலாம். வால்வுக்கு நேரெதிர்ப் பக்கத்தில் டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் மிதித்து இறக்குங்கள், பிறகு வால்வுப் பக்கத்திலிருந்து டயர் லீவர் போட்டால் சுலபமாகக் கிளம்பும். பள்ளத்துக்குள் இறக்காமல் பலத்தைக் காட்டினால் லீவர் டியூப்பைக் கடித்துவிடும், ஒரு ஓட்டைக்கு இரண்டு ஓட்டை ஆகும். டியூப்பை ஒட்டியதும் அவசரப்படாமல் டயரின் உள்ளே ஒரு பஞ்சையோ பழைய துணியையோ விட்டுச் சுற்றித் தடவுங்கள். ஆணி இன்னும் அங்கேயே இருந்தால் துணி மாட்டும். விரலை விட்டால் விரல்தான் மாட்டும். சொலூஷன் பூசி அது கையில் ஒட்டாமல் காயும்வரை காத்திருந்து ஒட்டுத் துண்டைப் போட வேண்டும், ஈரமாகப் போட்டால் மறுநாளே கிளம்பும்.

டியூப்லெஸ் டயரின் ஓட்டையை அடைக்க ரப்பர் திரி செருகுவது இன்னும் சுலபம். ஆணியைப் பிடுங்கும்போது எந்தச் சரிவில் வந்ததோ அதே சரிவில் துளையைத் தேய்த்து, திரியைச் செருகி, மேலே சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் குமிழி பாருங்கள். வால்வு அடியிலும் ஊற்றிப் பாருங்கள். காற்று மெல்ல மெல்ல இறங்கும் பல டயர்களில் குற்றவாளி வெடித்த வால்வு ரப்பர்தான். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் திரியும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம், டயரை மாற்றுங்கள்.

சாமான் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குத்தான் போவேன். பழைய பேட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது; மொடல் பெயர் சொன்னால் ஒன்று தருவார்கள், வருடம் மாறினால் வடிவம் மாறும். எனக்குப் பழக்கமான நானாவிடம் போனால் முதல் கேள்வியே, "தம்பி, ஒரிஜினலும் இருக்கு, மத்ததும் இருக்கு, எது வேணும்?" என்பதுதான். சீட்டுக் கவரிலோ கண்ணாடியிலோ மற்றது வாங்கலாம். பேட், லைனர், சீல், டியூப் நான்கிலும் நான் பேரம் பேசுவதில்லை.

புதிய டயர் ஏற்றுவது, சில்லு பெயாரிங், வளைந்த டிஸ்க், கம்பிச் சில்லு நிமிர்த்துவது எல்லாம் கடைக்குத்தான் கொடுக்கிறேன். டயர் ஏற்றும் மெசின் வீட்டில் இல்லை, கையால் ஏற்றி அலோய் ரிம்மைக் கீறவும் மனமில்லை. ஆனால் வேலை முடிந்ததும் காசு கொடுக்க முன் குனிந்து பார்ப்பேன்: டயரின் அம்புக்குறி ஓடும் பக்கம் பார்க்கிறதா, ரிம் ஓரத்துக்கோடு சுற்றிவர ஒரே அளவில் தெரிகிறதா, செயின் இருபக்கமும் ஒரே புள்ளியில் இழுத்திருக்கிறதா, டோர்க் கம்பியில் ஸ்ப்ளிட் பின் இருக்கிறதா. பிறகு கடை வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்து, பைக்கைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். கடை மெக்கானிக் பாஸ்மாருக்கு முகம் சுருங்கும். பரவாயில்லை, ஒரு தரம் ஸ்ப்ளிட் பின் இல்லாமல் இருந்ததைக் காட்டிய கடையில் இப்போது நான் குனிய முன்பே அவர்களே காட்டிவிடுகிறார்கள்.